தேய்வு பார்க்கும் பெருவிரல்

அந்தத் துருக்குழி நேற்று இருந்தது. கூட வேலை செய்யும் பூர்ணா எடுத்த படத்தில் இப்போதும் இருக்கிறது: கத்தி அலகின் இடது முகத்தில், பிடியை ஒட்டி, மிளகளவில் ஒரு கறுப்புக் குழி. கஜந்தினி விளக்கை இழுத்துச் சாய்த்தாள். லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணில் இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கிக் குனிந்தாள். குழி இருந்த இடத்தில் உருக்கு வழவழவென்று கிடந்தது. யாரும் அரம் போட்டுத் தேய்த்த அடையாளம் இல்லை. துரு என்ற ஒன்றை அந்த இடம் கண்டதேயில்லை என்பதுபோல இருந்தது.

அது ஏல நிறுவனத்தின் நிலவறை. யன்னல் கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்கே வெளிச்சம் செத்துவிடும் என்பது, தெருவில் பனி அள்ளும் லொறியின் ஊளை சுவருக்குள்ளால் இறங்கி வரும்போதுதான் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். சூடேற்றும் குழாய்கள் யாரோ நகத்தால் தட்டுவதுபோல விட்டு விட்டுச் சத்தம் போட்டன. மெழுகும் பழைய தோலும் காயாத கம்பளிக் கோட்டும் கலந்த மணம் வழக்கம்போல நின்றது. அந்த மணத்துக்குள்ளே இன்றைக்கு இன்னொன்று, மெல்லிதாக, எரிந்த புல்லில் மழை விழுந்தாற்போல.

மேசையில், கறுப்பு நுரைமெத்தையின் மேல் கிடந்தது ஒரு பயனெட். துவக்கின் வாயில் மாட்டும் கத்தி. இல்-பிசார் என்ற புறநகரில் செத்துப்போன ஒரு கிழவரின் வரவேற்பறைச் சுவரிலிருந்து வந்தது. ஜெர்மன்காரர் கிழக்கு ஆபிரிக்காவைப் பிடித்து வைத்திருந்த காலத்துச் சாமான். அலகின் முதுகில் ஒரு கிரீடம், கீழே அரசனின் எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தகட்டில் குடியேற்றப் படையின் எழுத்துகள், அரைவாசி தேய்ந்துபோய். இந்த எழுத்துகள் இருந்தால் விலை பல மடங்கு. அதனாலேயே போலிகள் அதிகம். சாதாரணக் கத்தியில் எழுத்தைக் குத்தி, அமிலத்தில் ஊறவைத்து, பழசு என்று விற்பார்கள். ஆகவே முத்திரையை நம்பக்கூடாது, தேய்வைத்தான் நம்ப வேண்டும். எழுத்து எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு பக்கத்து உருக்கும் தேய்ந்திருக்க வேண்டும். பிடியின் மரத்தில் கை பட்ட இடம் பள்ளமாகவும் படாத இடம் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும்.

போலித் தேய்வு எல்லா இடத்துக்கும் ஒரேமாதிரி, உண்மைத் தேய்வு ஓரவஞ்சனை செய்யும் என்பார் முதலாளி லாவுவா. உலோகத்தைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம்; வியர்வை உப்பு ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். ஆனால் அவரே சில நேரம் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, பெருவிரலால் பிடியைத் தடவிப் பார்ப்பார். அவரைத் தவிர அப்படிச் செய்ய அனுமதி இருந்தது பூர்ணாவுக்கு மட்டும். அவளுக்கு அந்த விரல் வாய்த்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

வாய்க்கும். ஏன் வாய்க்காது? அப்பா குணசீலன் பல்கலைக்கழகத்தில் உலோகம் படிப்பிக்கிற பேராசிரியர். ஆறு பார்த்த வீடு. சின்ன வயதிலிருந்தே அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப்போய் இது என்ன, அது என்ன என்று காட்ட ஆள் இருந்தால் யாருக்குத்தான் விரல் வாய்க்காது? கஜந்தினியின் குடும்பத்தில் பட்டம் என்ற ஒன்றை முதலில் சுவரில் மாட்டியவள் அவள்தான். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் சிகரெட்டும் பியரும் விற்றுக்கொண்டே வரலாறு படித்தாள். இங்கே இருவரும் தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை லாவுவா முடிவைச் சொல்வார்.

அந்த நிறுவனத்தின் வழக்கம், ஒருத்தி பொருளின் விவரம் எழுதினால் மற்றவள் தன் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பயனெட்டுக்கு விவரம் எழுதியது பூர்ணா. அனுமதி கேட்டு, தன் காரிலேயே அப்பாவின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துவந்து, அசல் என்று எழுதியிருந்தாள். கஜந்தினி சரி என்றால் அந்த நிரந்தரக் கதிரை பூர்ணாவுக்கு.

அதற்காகத்தான் நேற்று கஜந்தினி கையுறையைக் கழற்றினாள். எங்காவது ஒரு பிழை அகப்படும் என்று சுட்டுவிரலால் அந்தக் குழியை அழுத்தினாள். பிழை இல்லை. தேய்வு அசல். பூர்ணா எழுதியது வரிக்கு வரி சரி. வீடு போகிற வழியெல்லாம் அந்த வரிகளை ஒரு பிழைக்காக மனதுக்குள் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

இன்று காலையிலிருந்து அவளுடைய போன் அந்தச் சுட்டுவிரலை ஏற்கவில்லை. குளிர் என்று நினைத்திருந்தாள்.

படியில் காலடி கேட்டது. பூர்ணா இரண்டு கோப்பியோடு வந்தாள். கேட்காமலே ஒன்றை கஜந்தினியின் பக்கம் தள்ளினாள்.

"செக் பண்ணிட்டியா கஜா? தப்பு இருந்தா தயவு பாக்காம சொல்லிடுப்பா."

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பாத்துக்கொண்டிருக்கிறன்," என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "உங்க தமிழைக் கேட்டுட்டே இருக்கலாம்."

ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாதது. நல்ல மனம் வைத்திருக்கக்கூட வசதி வேண்டும்போல. பூர்ணா லூப் இல்லாமலே குனிந்தாள். குழி இருந்த பக்கம் அவள் கண் போகவில்லை.

"பிடியைக் கவனிச்சியா? துப்பாக்கில மாட்டியே வச்சிருந்தா பிடி இவ்ளோ தேயாது. இவன் கையில வச்சிருந்திருக்கான். வருஷக்கணக்கா. எதுக்குன்னு யோசிக்கவே பிடிக்கலை."

கஜந்தினி அதைக் கவனிக்கவில்லை. வரலாறு படித்தவள் தான், கண்டதோ பூர்ணா. பூர்ணா மேலே போய்க் கதவு சாத்தும்வரை காத்திருந்தாள். பிறகு வலக் கையுறையை உரித்தெடுத்து, அலகின் முதுகில், தேய்ந்து மங்கிய அந்தக் கிரீடத்தின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

உருக்கு குளிராக இருக்கவில்லை. இப்போதுதான் யாரோ விட்டுப்போன பேருந்துக் கம்பியின் சூடு அதில் இருந்தது. தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மிக நுண்ணிய ஏதோ ஊர்ந்தது, எறும்பு வரிசை கடந்து போவதுபோல, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், ஒழுங்காக, அவசரமில்லாமல். குழாயின் தட்டல் நின்றுவிட்டிருந்தது. எரிந்த புல்லின் மணம் நாக்கில் படிந்தது.

விரலை எடுத்தாள்.

கிரீடம் துலக்கமாக நின்றது. அதன் உச்சியிலிருந்த சின்னச் சிலுவைகூட, இன்று காலை குத்தியதுபோல, ஓரம் கூராக. அவளுடைய பெருவிரலில் ரேகை இல்லை. பீங்கான்போல இருந்தது. நடுவில் மிளகளவில் ஒரு கறுப்புக் குழி. வலியில்லை.

அலறியிருக்க வேண்டும். மேலே ஓடியிருக்க வேண்டும். கதிரையில் அப்படியே இருந்தாள், நெஞ்சு காதுக்குள் அடித்தது, அந்த அடிப்புக்குள்ளே ஒரு நினைப்பு, தெளிவாக, மிகவும் ஆறுதலாக வந்தது. இது இப்போது புதுசாகத் தெரிகிறது. புதுசென்றால் போலி. பூர்ணாவின் படங்களில் இருப்பது பழசு. இந்தக் கட்டடத்தை விட்டு இது வெளியே போனது ஒருமுறைதான், பூர்ணாவின் காரில்.

அசலை வைத்துக்கொண்டு போலியைத் திருப்பிக் கொண்டுவந்தாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தானாகவே தெரியும்.

இடக் கையுறையையும் கழற்றினாள்.

வில்லரேயில் அவளுடைய மூன்றாம் மாடி வீடு. வெளிப்படிகளில் உறைந்திருந்த பனியில் கைப்பிடியைப் பிடித்தபோது பிடி நிற்கவில்லை, விரல்கள் வழுகின. சமையலறையில் அம்மா சிவமலர் கார்டெரியில் குழந்தைகள் பராமரிக்கும் வேலை முடிந்து வந்த உடுப்போடேயே புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கோப்பையைக் கஜந்தினி வாங்கினாள். அது நழுவிப் போய் நிலத்தில் உடைந்தது.

"என்ன பிள்ளை, கையில எண்ணெயே?"

அம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கடும் குளிரென்றால் இப்படித்தான் வெடிக்கும், களிம்பு பூசு என்று சொல்லிக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே கோயில் கதை சொன்னாள். முருகன் கோயிலில் பூர்ணாவைக் கண்டாளாம். தானாக வந்து ஆன்ட்டி என்று கட்டிப்பிடித்ததாம். கஜந்தினியைப் பற்றி ஒரே புகழ்ச்சியாம்.

"அப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்தவை குடுத்து வைச்சவை," என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கஜந்தினி தன் அறைக் கதவடியில் நின்றாள்.

"அப்ப அவளையே வைச்சிருங்கோ."

வியாழக்கிழமை பூர்ணாவுக்கு விடுமுறை. நிலவறையில் வேறு யாருமில்லை. கஜந்தினி வேலை மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மடியில் பயனெட்டை வைத்து, இரு கையாலும் மூடிப் பிடித்தபடி இருந்தாள். குறுக்குத் தகட்டின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. உறைக்குள் போய் வந்த நீளக் கீறல்கள் அலகிலிருந்து மறைந்தன. அவளுடைய முன்கைகளில், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, அதே நீளக் கோடுகள் வெள்ளையாக விழுந்தன. பார்த்தாள். சட்டைக் கையை இழுத்து மூடினாள். பயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கையை எடுக்கலாம் என்று நினைக்கும் ஒவ்வொரு தடவையும் பூர்ணா அந்த நிரந்தரக் கதிரையில், கோப்பியோடு, உங்க தமிழ் உங்க தமிழ் என்று சிரிப்பது கண்ணுக்குள் வந்தது. பிடி இன்னும் இறுகியது.

பிடியின் மரம்தான் கடைசி. பள்ளம் ஆழம். அவள் அதைப் பற்றியபோது பெருவிரல் தானாகப் போய் அதில் விழுந்தது. நாலு விரலும் நாலு பள்ளத்தில். அளவெடுத்ததுபோல.

மரத்துக்குள்ளிருந்து ஏதோ திருப்பிப் பிடித்தது.

மெதுவாகத்தான். கை குலுக்குவதுபோல. காய்ப்பு ஏறிய கை, ஈரமான கை. பின்னால், மிக அருகில், யாரோ மூக்கால் மூச்சு விட்டார்கள். திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று தெரிந்தது. அந்த மூச்சு களைத்த மூச்சு. நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்துவிட்டு, இன்னும் மிச்சமிருக்கிறதே என்று நிற்கிறவனின் மூச்சு.

மரம் நிரம்பியது. பள்ளம் மேலெழுந்து சமமானது. உள்ளங்கை குழிந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அலகின் வலது முகத்தில் இன்னும் துரு. அழுத்தினாள். துரு போகவில்லை. கையில் கொடுக்க இனி எதுவும் இல்லை. கோடில்லை. ரேகையில்லை.

வேறு எங்கே இருக்கிறது?

அலகைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். சூடு. எறும்புகள். மற்றக் கன்னம். நெற்றி. மூடிய இமைகளின் மேல், ஒன்று, மற்றது. மேலே யாரோ கதிரை இழுத்தார்கள். பனி லொறி ஊளையிட்டது. மூச்சு இப்போது காதடியில். சுத்தமான உருக்கு. எங்கும் சுத்தம். முனையில் மட்டும் ஒரு தேய்வு மிச்சம். மண்ணிலோ மரத்திலோ பட்டுத் தேய்ந்தது அல்ல. அதைவிட மிருதுவான ஒன்றில். பலமுறை. என்னவென்று யோசிக்கவில்லை.

முனையை உதட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தலையில் தொப்பி, கழுத்திலிருந்து மூக்குவரை சால்வை. முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. கைக்கு மூக்கு அகப்படக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவ்வளவுதான். கைதானே மரத்துப்போயிருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி, அவளைத் தாண்டி அறைப் பக்கம் பார்த்து, பிள்ளை எழும்பீற்றியோ என்று குரல் கொடுத்தாள். பேருந்துச் சாரதி அவளுக்குப் பின்னால் ஏறியவனுக்கு bonjour சொன்னார். மெற்றோவில் தள்ளுவண்டியிலிருந்த குழந்தை மட்டும் அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டேயிருந்தது. பிறகு சத்தமில்லாமல் தன் கையால் தன் கண்ணைப் பொத்திக்கொண்டது.

லாவுவாவின் அறையில் பயனெட் மேசைமேல் கிடந்தது. பெரிய திரையில் பூர்ணாவின் படங்கள். திரையில் கறுத்துத் தேய்ந்த கத்தி. மேசையில் தொழிற்சாலையிலிருந்து இன்று வந்த கத்தி. லாவுவா கோபப்படவில்லை. குரலை இன்னும் தாழ்த்தி, பிரெஞ்சில், பொருள் யாருடைய காரில் எங்கே போய் எத்தனை மணித்தியாலம் இருந்தது என்று மட்டும் கேட்டார். பூர்ணா பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தப் பதில் எப்படிக் கேட்கிறதென்று புரிந்தது. முகம் வெளுத்தது. அவள் கஜந்தினியின் பக்கம் திரும்பினாள், லாவுவாவுக்குப் புரியாத மொழியில் பேச.

"கஜா, நீ பாத்தியே. செவ்வாய்க்கிழமை அந்தத் துரு இருந்துச்சு. கையில எடுத்துப் பாத்தே. சொல்லுடி, ப்ளீஸ். அப்பா பேரும் போயிடும்."

கஜந்தினி அவளுக்குத் தமிழில் பதில் சொல்லவில்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டே பிரிந்தன. லாவுவாவைப் பார்த்து, பிரெஞ்சில், தான் பார்த்தது இந்தக் கத்தியைத்தான் என்றாள். முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்றாள். பூர்ணா எழுதியதை மறுத்து எழுதக் கூச்சமாக இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். பூர்ணா சாவியை மேசையில் வைத்தாள். அழவில்லை. வழக்கறிஞர் பேசுவார் என்று லாவுவா சொன்னதற்குத் தலையசைத்தாள். கதவடியில் கோட்டை எடுத்தவள் ஒருதரம் திரும்பி, சால்வைக்கு மேலே தெரிந்த கொஞ்ச இடத்தை உற்றுப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்திருந்த கஜந்தினிக்கு அந்தப் பார்வை விளங்கவில்லை.

"நீ... கஜாதானே?" என்றாள் பூர்ணா.

பிறகு பூர்ணா குனிந்து பனிச்சப்பாத்தின் நாடாவைக் கட்டத் தொடங்கினாள். நனைந்த நாடா வழுகியதால் முடிச்சு விழவில்லை.

லாவுவா இறுக்கமாக மூச்சு விட்டார். நிரந்தர இடம் இனி கஜந்தினிக்குத்தான், திங்களிலிருந்து என்றார். சொல்லும்போது கணினியைப் பார்த்தபடியே இருந்தார். புதிய அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். மேசையோரம் தாங்கியில் நின்ற டாப்லெட்டை, திரை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டார். தொப்பியையும் சால்வையையும் எடுத்துவிட்டு நேரே நிற்கச் சொன்னார். முகத்தை அது தானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும்.

கஜந்தினிக்குச் சிரிப்பு வந்தது. வென்றுவிட்டாள். இன்றைக்கே அம்மாவிடம் சொல்வாள். தொப்பியைக் கழற்றினாள். சால்வையைக் கழற்றினாள்.

திரையில் அவளுடைய கோட்டு. கழுத்து. கழுத்துக்கு மேலே கையிலிருந்து கைக்கு மாறி மாறித் தேய்ந்த பழங்காசுபோல ஒன்று. புருவம் இருக்கிற இடத்தில் ஒரு மேடு. மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு மேடு. வழவழப்பு. அங்கங்கே கறுப்புக் குழிகள்.

திரையில் ஒரு மஞ்சள் சதுரம் முகத்தைத் தேடியது. அவள் மேல் நிற்கவில்லை. ஊர்ந்து லாவுவாவின் முதுகுக்குப் போனது. கதவடிக்குப் போனது. திரும்பியது. அவளைக் கடந்தது.

மேசைக்கு இறங்கியது. அலகின் மேல் நின்றது.

உருக்குக்குள் ஒரு முகம். துல்லியமாக. புருவத்தின் ஒவ்வொரு மயிரும். உதட்டின் ஒவ்வொரு கோடும். கஜந்தினியின் முகம். அவள் அசையவில்லை. அது கண்ணை இமைத்தது.

அது அவளைப் பார்க்கவில்லை. கதவடியில் குனிந்திருந்த பூர்ணாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூர்ணா, என்று கூப்பிட வேண்டும். ஓடு என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். திறக்க அங்கே கோடு இல்லை. குழிந்த உள்ளங்கை மேசையை நோக்கித் தானாக நீண்டது.

கறுப்பு நுரைமெத்தையின் மேல், சத்தமே இல்லாமல், பிடி அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.